அக்கரைக்குப் போனவள்

துர்க்கா பூஜைச் சிறப்பு மலருக்கு நாவல் கேட்கப்படாத எழுத்தாளனை வங்காளத்தில் மீன்காரன்கூட மதிக்கமாட்டான். ப்ரணபேஷிடம் கேட்டிருந்தார்கள். அச்சகத்து ஆள் வாசலில் தவம் கிடக்க, மை காயாத தாள்களை அப்படியே நீட்டினான். அந்த அவசரத்தில்தான் பிசகியது. கதாநாயகிக்கு ஊரார் அறியும் பெயராக சுலதா என்று வைத்தவன், வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரில் கோட்டை விட்டுவிட்டான். ஒரே ஓர் இடத்தில் ‘டுனு’ என்று விழுந்திருந்தது. டுனு அவனுடைய அண்ணியின் செல்லப்பெயர்.

சொந்தபந்தம் மொத்தமும் படித்துவிட்டது. கதையில் புருஷனையும் மாமியாரையும் விட்டுவிட்டு, பட்டப்பகலில் படகேறி அக்கரைக்குப் போகிறவள் நம் வீட்டு மருமகளா என்று கேட்டார்கள். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். அதுகூடப் போகட்டும். எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அவன் கதைகளை முதலில் கேட்டவள் அண்ணி. அவளும் வாய் திறக்கவில்லையே என்பதுதான் அவனை அரித்தது. அவளை இழந்துவிட்டால் இனி யாருக்காக எழுதுவது?

துர்க்கையை ஆற்றில் கரைத்த மறுநாள் பெரியவர்கள் காலில் விழுந்தே ஆகவேண்டும். எப்பேர்ப்பட்ட பகையாளியையும் அன்று வாசலில் நிறுத்த முடியாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினான். சந்தன்நகர் ஊரே தூக்கக் கலக்கத்தில் கிடந்தது. சாமி போன பந்தல்களில் ஒற்றை விளக்கு எரிந்தது. ஆற்றின்மேல் பனி இறங்கி, அக்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தான் எழுதிய ஊருக்குள் தானே நடந்துபோவதுபோல் இருந்தது, கால் தரையில் பாவவில்லை.

அண்ணி மாடி வராந்தாவில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலைத் தொட்டான். தலையில் கை வைத்தாள். தேங்காய் உருண்டைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். வாயில் போட்டும் இனிப்புத் தெரியவில்லை.

“அந்தப் பேரு கை தவறி விழுந்திடுச்சு அண்ணி. புத்தகமா வரும்போது எடுத்துடறேன்.”

“பேரு கெடக்கட்டும் தம்பி.”

கீழே படித்துறையில் தண்ணீர் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

“திரும்பத் திரும்பப் படிச்சேன். அவ படகுல ஏறினப்போ நானும் கூடவே ஏறிட்டேன். உங்கண்ணன் சோறு கேட்டதுகூடக் காதுல விழல. நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தோம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கண் பனியிலேயே இருந்தது.

“கடைசி அத்தியாயத்துல ஏன் தம்பி அவளத் திருப்பிக் கூட்டிட்டு வந்தே?”

உள்ளேயிருந்து அண்ணன் டீ கேட்டுக் குரல் கொடுத்தார். அவன் பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து உள்ளே போனாள்.