மேல் லயத்து வீரய்யாவுக்கு வந்த கடிதம்

எங்கள் கல்லூரியில் மொத்தம் நூற்று நாற்பது பேர். பதுளை நகரத்துக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. கணக்குப் படிக்க வந்தவர்களும் அங்கே படம் வரைய வேண்டும். கதை படிக்க வந்த நானும் மண்ணைக் கரைத்துப் பரிசோதிக்க வேண்டும். யாராவது ஒருநாள் வராவிட்டால் சமையலறை அக்கா முதலில் கேட்பார்.

அந்தப் புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் வகுப்புத் தோழி கிருஷாந்தி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஜப்பானுக்குப் போறியா, இல்லையாடி?"

ஆண்டுக்கு ஒருவரை ஜப்பானின் வடக்கில் இருக்கும் ஒரு சிறு கல்லூரிக்கு ஒரு கல்வித் தவணை படிக்க அனுப்புவார்கள். நேர்முகத் தேர்வில் பனி விழும் கதைகளைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு தகவலும் இல்லை. மூன்று வாரமாக நூலகத்தில் ஜப்பான் கதைகள் இருக்கும் அலுமாரிப் பக்கமே நான் போகவில்லை.

"எனக்குத்தான் கெடைக்கலையே" என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு? நீதான் முதல் ஆள். ஒங்க வீட்டுக்குச் சம்மத ஃபோம் போயி மூணு வாரமாச்சாம். நாளைக்கு நாலு மணிதான் கடைசி. நீ வராட்டி நான் போறேனான்னு இப்பதான் ஆபீசுல கூப்பிட்டுக் கேட்டாங்க."

பட்டியலில் இரண்டாவது அவள். அவளுடைய அப்பாவுக்குப் பதுளையில் புடவைக்கடை. பாஸ்போட்கூட எடுத்து வைத்திருந்தாள். பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும்.

"நீ ஏன்டி எங்கிட்ட சொன்ன?"

"சொல்லாமப் போனா அங்க எனக்குச் சோறு எறங்குமா? எந்திரி, பஸ்ஸப் புடி."

பெற்றோர் சம்மதித்த பிறகே பெயரை அறிவிப்பது கல்லூரியின் வழக்கம். அதனால் ஃபோம் நேராக வீட்டுக்குத்தான் போகும். இன்னொன்று தர முடியுமா என்று அலுவலகத்தில் ஜெயகுமார் சாரிடம் கேட்டேன். "ஜப்பான்ல சீல் அடிச்சு வந்தது அது ஒண்ணுதான் மகள். எப்படியாவது தேடி எடுங்க" என்றார்.

அம்மாவுக்கு அழைத்தேன். கடிதமே வரவில்லை என்றார்.

பசறையில் பஸ் மாறி, நமுனுகுலவில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். இறங்கியதும் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்கப்பா பேருக்கு வந்த கடிதமா? அது பெரட்டுல குடுத்தாச்சே."

ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாருடைய கடிதமும் ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள், கை நீட்டியவர் வாங்கிக்கொள்வார். அப்பா பெயர் வீரய்யா. தோட்டத்தில் இன்னொரு வீரய்யாவும் இருக்கிறார். அந்த வாரம் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். அந்த வீரய்யா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒங்களுக்கு மூணு வாரத்துக்கு முந்தி ஒரு கடிதம் வந்துச்சா?"

அவர் முகம் மலர்ந்தது. "ஆமா புள்ள! காணிக் கடிதம். வா, காட்டுறேன்."

வீடு கட்டக் காணி தருவதாக அரசாங்க ஆட்கள் பெயர் எழுதிக்கொண்டு போய் மூன்று வருடம். அன்று முதல் இரண்டு லயமும் அந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தது. அவர் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நீள உறையை எடுத்தார். நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பிரிக்கவே இல்லை.

"தீவாளிக்கு சுரேஸ் கொழும்புல இருந்து வருவான். மகன் கையால பிரிக்கணும்னு வெச்சிருக்கேன்."

உறையின் ஓரத்தில் எங்கள் கல்லூரியின் சின்னம் இருந்தது. அம்மாதான் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, அது இவளோட காலேஜ் கடிதம் மாதிரி இருக்கு."

அவர் உறையை என்னிடம் கொடுத்தார். பிரித்து வாசித்தேன்.

"நல்லாப் பாத்தியா புள்ள? காணின்னு எங்கயும் இல்லையா?"

"இல்ல மாமா."

வாசலுக்கு எதிரே, மண்மேட்டில், நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே இன்னொரு சின்னச் சதுரம், சமைக்கும் குசினிக்காக இருக்கும். அவர் அதைப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல. மூணு வாரம் சாமிகிட்டதான இருந்துச்சு. நீ எங்க போற?"

"ஜப்பானுக்கு மாமா."

"அங்கயும் தேயில இருக்கா?"

"நான் போற பக்கம் இல்லையாம்."

"அப்பச் சரி. கொழுந்து எடுக்கச் சொல்ல மாட்டாங்க."

அம்மா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் கையை இடுப்பிலிருந்த சாரத்தில் இரண்டு முறை துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஜெயகுமார் சார் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன மகள், பூசையெல்லாம் போட்டுக் கொண்டு வந்திருக்கீங்க?"

"மேல் லயத்துல போட்டாங்க சார்."

அவர் குங்குமத்தைத் துடைக்காமல் அப்படியே ஆவணக் கோவையில் வைத்துக்கொண்டார். கிருஷாந்தி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "பனியில வெறைச்சிராத. எங்க கடையில சுவெட்டர் எடுத்துத் தாறேன். காசு எல்லாம் கேக்க மாட்டேன்."

அன்று பின்னேரம் நாங்கள் நூலகத்தில் உட்கார்ந்தோம். எங்கள் வகுப்பில் சிங்களம் நன்றாக எழுதக்கூடிய ஸனூஸும் வந்தான். வீரய்யா மாமாவின் காணி என்ன ஆனது என்று கேட்டு அரசாங்கக் காணி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். கிருஷாந்தி இரண்டு முறை பிழை பார்த்தாள்.

பதில் அனுப்ப வேண்டிய விலாசத்தை மட்டும் நானே எழுதினேன். கறுப்பையா மகன் வீரய்யா, மேல் லயம், நாலாம் காம்பரா. அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டேன்.