முகத்துக்குப் பச்சைத் துணி

போட்டோவில் இருப்பவள் என் தங்கை இல்லை. அடையாளம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உதட்டுக்கு மேலே மச்சம், ஒரு பக்கமாக ஏறி நிற்கும் சிரிப்பு, கோணல் வகிடு. பார்க்கிறவர்கள் எல்லோரும் "அச்சு அசல் அவளேதான்" என்கிறார்கள். எனக்கு மட்டும் யாரோ பக்கத்து வீட்டுப் பெண்போல இருக்கிறது. தங்கை காய்ச்சலில் செத்துப்போய் வருஷங்கள் ஓடிவிட்டன. மிஞ்சியது இந்த ஒரு படம்தான். அதைப் பார்க்கப் பார்க்க, மனசில் இருந்த முகமும் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வந்தது.

தங்கையின் பெண் குட்டிக்கோ அந்தப் படம்தான் அம்மா. தாய் சாகும்போது அவள் கைக்குழந்தை. வளர்த்தது நான். வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பும் சமயத்தில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, அம்மா முகம் வச்சு ஒரு போர்வை தைச்சுக் குடுங்க. அங்க ரொம்பக் குளிருமாம்."

"குளிருக்குப் போர்வை கடையில விக்கிறான். முகம் எதுக்குடி?"

"கடையில அம்மா கிடைக்க மாட்டாங்களே."

மத்தியான வேளையில் என் பியூட்டி பார்லரை மூடிவிட்டு, துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து முகம் செய்யக் கற்றுத்தரும் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைமுடி வெட்டுவதுதான். கத்தரிக்கோல் பிடிப்பதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை என்கிற தைரியம் இருந்தது. உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. யாரோ ஒருத்தியின் முகத்தைத் தைத்து, இந்தா உன் அம்மா என்று அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவேனோ?

பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நீளமான மேசை, ஓரத்தில் இஸ்திரிப் பெட்டிகள், சுவர் நெடுக அலமாரி. அதில் துணிகளை நிறம் பார்த்து அடுக்கியிருக்கவில்லை. வெளிறியதில் ஆரம்பித்து இருண்டதில் முடித்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஆவியும் பஞ்சுத் தூசியும் மெதுவாக மிதந்துகொண்டிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குப் பாதித் தூக்கம் வந்துவிடும். கனவில் யார் வீட்டுக்கோ வந்ததுபோல நடப்பேன்.

டீச்சர் எங்கள் குட்டியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஆள் குச்சி, குரல் மட்டும் தாராளம். "நிறத்த மறந்துடுங்க. வெளிச்சமா, நிழலா, அத மட்டும் பாருங்க" என்று ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளைக் கொடுத்தாள். கண்ணுக்கு நேரே பிடித்தால் நிறமெல்லாம் வடிந்து, துணிகள் வெறும் வெளிச்சமும் நிழலுமாக நின்றன. அப்படிப் பார்த்து அவள் என் தங்கை கன்னத்துக்கு எடுத்துக் கொடுத்தது பச்சைத் துணி. தாடைக்கு நீலம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர், தன் நாயின் முகத்தைச் செய்துகொண்டிருந்தார். அவரிடம் பொருமினேன்.

"என் தங்கச்சி கன்னம் பச்சையாம்! பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"எங்க நாய்க்கு ஊதா மூக்குங்க" என்றார் அவர். "அதுவே ஒண்ணும் சொல்லல."

படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சமும் நிழலும் தனித்தனியாகக் கோடு போட்ட தாள் ஒன்றை டீச்சர் தந்தாள். அதன்மேல் பசைத்தாளை வைத்து ஒவ்வொரு துண்டாக வரைய வேண்டும். வரைந்ததைத் துணியின் பின்பக்கம் வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெட்ட வேண்டும். "பின்பக்கம் ஒட்டறோம் இல்லையா? அதனால முதல்ல கோட்டுத்தாளைத் திருப்பிப் போட்டுட்டு வரைங்க" என்று அவள் தொண்டை கிழியச் சொன்னாள். பச்சைத் துணிக் கோபத்தில் இருந்த நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

வரைந்து முடித்ததும் போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன். அந்த யாரோ ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை.

அதன்பிறகு மத்தியானங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நெற்றியில் ஒரு துண்டு, இமைக்குக் கீழே நகத்தளவு ஒரு துண்டு. துணியை வெட்டும்போது கை தானாக வேலை செய்யும், மனசு எங்கேயோ போய்விடும். அவள் இருந்த நாளில், தினமும் பார்லர் திறப்பதற்கு முன்னால் தங்கையைக் கண்ணாடி எதிரே நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னிவிடுவேன். எங்கள் பேச்சு, சண்டை, ரகசியம் எல்லாம் அந்த நேரத்தில்தான். முடியை இழுத்துவிட்டால் கண்ணாடியில் எனக்குப் பழிப்புக் காட்டுவாள். நான் சீப்பால் மண்டையில் ஒன்று வைப்பேன்.

கடைசித் துண்டு மச்சம். அதை ஒட்டியதும் டீச்சர் எல்லா முகங்களையும் சுவரில் குத்தி, எங்களை வாசல்வரை பின்னால் போகச் சொன்னாள். "இப்ப கண்ணைப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க."

பார்த்தேன். பச்சையும் நீலமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. துணி மேடாகிக் கன்னமானது. அவள் வந்துவிட்டாள். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாளோ, அந்தச் சிரிப்பு மாறாமல் என்னைப் பார்த்தாள்.

டீச்சர் போட்டோவை எடுத்து ஒப்பிட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, தாளைத் திருப்பவே இல்லையா? மச்சம், வகிடு எல்லாம் பக்கம் மாறிப் போச்சு. கண்ணாடியில பார்க்கிற மாதிரி ஆயிடுச்சே! பரவாயில்ல, பிரிச்சுட்டு வேற வெட்டிடலாம்."

"கை வச்சே, கைய உடைச்சுடுவேன்" என்றேன்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் தங்கையை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். என் மனசில் இருந்தவள் கண்ணாடிக்குள் இருந்தவள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டிரைவர் சத்தம் போடாமல் ஒரு துண்டுத் துணியை நீட்டினார். ஊதா.

பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, முகத்தின்மேல் தையல் ஓட்டிப் போர்வையை முடித்தேன். குட்டி ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், பார்லரில் வைத்துப் பிரித்துக் காட்டினேன். அவள் முகம் வாடிப்போனது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மச்சம் மாறியிருக்கே பெரியம்மா? அம்மா மாதிரியே இல்ல."

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முடி வெட்டும்போது துணி போர்த்துவதுபோல, தைத்த முகம் வெளியே தெரியப் போர்வையைக் கழுத்திலிருந்து போர்த்தினேன். கண்ணாடியில் அந்த முகம் பக்கம் மாறி, போட்டோவில் இருப்பவள் ஆனது.

"இது அம்மா!" என்றாள். பிறகு போர்வையைத் தூக்கிப் பிடித்து நேராகப் பார்த்தாள். "அப்ப இது?"

"அது நான் பார்த்தவ. தினம் பின்னிவிடறப்ப இந்தக் கண்ணாடியில பார்த்தவ. உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லு, மாத்தித் தைச்சு அனுப்பறேன்" என்று மனசே இல்லாமல் சொன்னேன்.

அவள் மச்சத்தை விரலால் தடவினாள்.

"வேண்டாம். போட்டோல இருக்கிறவங்க எங்கிட்ட எப்பவும் இருக்காங்க. உங்ககிட்ட இருந்த அம்மாவைத்தான் நான் பார்த்ததே இல்ல."

போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முடியை அவிழ்த்துப் பின்னால் தள்ளி, "கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னிவிடுங்க" என்றாள்.

சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் பார்த்தேன். இவளுக்கும் சின்ன வயசிலிருந்து நான்தான் பின்னிவிடுகிறேன், இதே நாற்காலியில், இதே கண்ணாடிக்கு முன்னால். நாளைக்கு இவளும் இருக்கமாட்டாள்.

"என்ன பெரியம்மா, பின்னலையா?"

"பின்னறேன். கொஞ்சம் இரு" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பி, அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன்.