வத்சலா கட்டிய கழுத்துப்பட்டி

மறுபடியும் முடிச்சுப் பிழையாகிப் போயிற்று. அகலமான நுனி கட்டையாகவும் ஒடுங்கிய நுனி வயிறுவரை நீண்டும் கிடந்தன. வத்சலா அந்தச் சிவப்புக் கழுத்துப்பட்டியை உருவி எடுத்தாள். சவப்பெட்டிக்குள் கிடந்த அவளுடைய கணவர் இவோ உயிரோடு இருந்திருந்தால் இதற்குள் மனிசியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

"அன்ரி, வெளியில சனம் நிறைஞ்சிட்டுது. நான் கட்டி விடட்டோ? ஒரு நிமிசம் காணும்," என்றாள் ஜெஸ்ரின். லண்டன் லூயிஷாமில் இருந்த அந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் இறந்தவர்களுக்கு உடுப்பாட்டுகிற பிள்ளை அவள்.

"வேண்டாம் பிள்ளை. நான்தான் கட்டோணும்."

"வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு தன்ர கழுத்தில கட்டிப் பழகினவள். திறமா வந்தது," என்றார் சுவரோடு நின்ற வத்சலாவின் அண்ணன் யோகராஜா. "இஞ்ச வந்து மாப்பிள்ளையைக் கண்ட உடன வெக்கம் வந்திட்டுது போல."

"அண்ணை, பேசாமல் நில்லுங்கோ."

இவோ குரோவேஷியாக்காரர். பூலா என்ற கடலோர ஊரிலிருந்து வந்து, லண்டன் முழுக்க வீடுகளுக்கு வயர் இழுத்தவர். அந்த வேலைக்குக் கழுத்துப்பட்டி எதற்கு? ஆனாலும் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அவர்களுடைய கழுத்துப்பட்டி நாள் வந்துவிட்டால், வேலை உடுப்புக்கு மேலேயே அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஒரு காலத்தில் பிரான்ஸுக்குச் சண்டைபிடிக்கப் போன தங்கள் வீரர்களின் கழுத்துத் துணியைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பாரிஸ்காரர் கட்டப் பழகினார்கள், அவர்களைப் பார்த்து உலகம் பழகியது என்று, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லுவார். சண்டைக்குப் போகிறவனுக்கு அதைக் கட்டிவிட்டது அவனுக்குரியவள்தான் என்றும் அவர்களிடம் ஒரு கதை உண்டாம்.

"நான் உனக்குக் கட்டினன். நீ எனக்கு எப்ப?" என்று, தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்பார், அவளுடைய தாலியைக் காட்டி.

"பிறகு பாப்பம்," என்று வத்சலா அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தப் 'பிறகு' அவர்கள் வாழ்ந்த காலம் முழுக்க வரவேயில்லை. இன்று மூடி போட்டால் அதோடு சரி.

கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். ஜெஸ்ரின் வத்சலாவைப் பார்த்தாள். வத்சலா துணியை மறுபடி அவருடைய கழுத்தில் போட்டாள். கண்ணாடியில் பழகிய கை எதிரே கிடந்தவரிடம் இடம் வலம் தடுமாறியது.

யோகராஜா சுவரை விட்டு வந்தார்.

"எடி, தாலி கட்டேக்கை இவன் எங்க நிண்டவன்?"

"என்ன கதை இப்ப?"

"உனக்கு முன்னாலயோ? பின்னால நிண்டெல்லோ கட்டினவன். பக்கத்தில நிண்ட எனக்குத் தெரியாதே? அண்டைக்கு அவன் நடுங்கின நடுக்கத்துக்கு நீ பரவாயில்லை. தலைமாட்டுக்குப் போ."

வத்சலா ஒரு கணம் அண்ணனைப் பார்த்தாள். பிறகு பெட்டியைச் சுற்றித் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தாள். இவோவின் நெற்றி அவளுடைய மார்புக்குக் கீழே வந்தது. கைகள் இரண்டும் அவருடைய தோள்களுக்கு மேலாக இறங்கின. இப்போது அது அவளுடைய கழுத்துப் போலவே இருந்தது. அகல நுனி மேலால் போயிற்று, சுற்றி வந்தது, உள்ளால் ஏறியது, வளையத்துக்குள் இறங்கியது. அவள் இழுத்தாள். முடிச்சு நேராக ஏறிக் கழுத்துப் பொத்தானை மூடிக்கொண்டது.

"ஐயோ அன்ரி, நான் கட்டினாலும் இப்பிடி வராது!"

"வராதுதான்," என்றாள் வத்சலா. நிமிர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "இப்ப கதவைத் திற பிள்ளை."

முதலில் வந்தவர்கள் இவோவோடு வேலைசெய்த அவருடைய ஊர்க்காரர்கள். எல்லாருமே கிழவர்கள். வத்சலா அவர்களுக்காக ஒதுங்கவில்லை. தலைமாட்டிலேயே நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள், நான்தான் கட்டினேன் என்று.

கிழவர்கள் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டார்கள்.