படகு, பிறை, பட்டாணி

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ‘எக்ஸ்ரே அக்கா’. அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் அக்கா என்றே நிலைத்துவிட்டதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அன்று காலை பதினோராவதாக உள்ளே வந்த பெண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே வயது இருக்கும். தலையில் பாதி நரை. வீங்கிப்போன வலது மணிக்கட்டை இடது கையில் பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தாள்.

“எப்படிம்மா விழுந்தீங்க?”

“கார்லேர்ந்து இறங்கும்போது கால் தடுக்கிடுச்சு. கையை ஊனிட்டேன்.”

கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியை அக்கா லேசாகத் தொட்டாள். அந்தப் பெண் ‘அம்மா’ என்று துள்ளினாள். முதல் படம் எடுத்தாயிற்று. கையைச் சற்றுச் சாய்த்து இன்னொன்று எடுக்க வேண்டும். அக்கா குனிந்து விரல்களைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். வலியை மறக்க அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள்.

“படகுல பிறை ஏறி, முக்கோணக் கரையில பட்டாணி வித்து, சரிவகம் ரெண்டும் சண்டை போட, தலை போய்க் கொக்கியில மாட்டிக்கிச்சாம்…”

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. மணிக்கட்டில் எட்டு எலும்பு உண்டு. அந்த எட்டின் வடிவப் பெயர்களையும் வரிசை பிசகாமல் சொல்லும் பிதற்றல் அது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதைக் கட்டியது இரண்டே பேர். அதில் ஒருத்தி அக்கா.

“நீலி?” என்றாள்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். கண்ணாடியை, தொங்கும் கன்னத்தை, வெள்ளைக் கோட்டையெல்லாம் தாண்டி அந்தப் பார்வை உள்ளே போய்த் தேடியது.

“அடிப்பாவி, நீயா!”

முப்பத்துமூன்று வருஷம் ஓடியிருந்தது. எக்ஸ்ரே படிப்பின் முதல் வருஷத்தில் இருவரும் ஒரே அறை. முதல் மாதம், கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். சொட்டு விடப் போனவள் பாட்டிலையே கையில் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு வாரம் நீலக் கையோடு திரிந்ததில் வந்த பெயர்தான் நீலி. அவள் எப்போது அழுதாலும் ‘நீலிக் கண்ணீர்’ என்று வகுப்பே கேலி செய்யும். அந்தக் கையோடுதான் அவள் முதல் செல்லைப் பார்த்தாள். “என் வாய்க்குள்ள இவ்வளவு பேர் குடியிருக்காங்களாடி! வாடகைகூட வாங்கல நான்” என்று அவள் கத்தியதில் வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது.

பிறகு திசுக்கள். தசைத் திசு கோடு போட்ட சட்டைத் துணி மாதிரி இருந்தது. எலும்பைச் சீவிப் பார்த்தால் வெட்டிய மரத்தின் வளையங்கள். வகுப்பு மூலையில் கம்பியில் தொங்கிய எலும்புக்கூட்டுக்குப் பெரியப்பா என்று பெயர். இடது கையில் சுண்டுவிரல் இல்லாத அவரை நலம் விசாரிக்காமல் நீலி உட்காரவே மாட்டாள். சாயங்காலமானால் இருவரும் கட்டிலில் எலும்புப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, எது இடது எது வலது என்று அடித்துக்கொள்வார்கள்.

வருஷக் கடைசியில் பரீட்சை. தட்டில் இருந்து ஒரு சின்ன எலும்பை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார் டீச்சர். தலை வெறுமையாகிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த நீலி, விரலால் மரப்பலகையில் ஒரு பிறையை வரைந்தாள். அக்கா பதில் சொல்லிவிட்டாள். டீச்சர் பார்த்துவிட்டார்.

“ஏன் சொல்லிக் கொடுத்த?” என்று அவர் நீலியைத்தான் கேட்டார். நீலி வாய் திறக்கவில்லை. அக்காவும் திறக்கவில்லை. நீலியை வெளியே அனுப்பினார்கள். லீவு முடிந்து வந்தபோது நீலியின் கட்டிலில் வேறொருத்தி போர்வை விரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அதே கை அக்காவின் மேசையில் கிடந்தது. படத்தைத் திரையில் போட்டாள். படகு எலும்பின் இடுப்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“படகு உடைஞ்சிருக்குடி.”

“விக்கிற பட்டாணிக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டுவிட்டு நீலி சிரித்தாள். அக்காவால் சிரிக்க முடியவில்லை.

“அன்னிக்கு நான் எந்திரிச்சு, எனக்காகத்தான் சொன்னா, என்னையும் அனுப்புங்கன்னு சொல்லியிருக்கணும். என்னாலதான உன் படிப்பு போச்சு.”

இல்லை என்று நீலி தலையாட்டினாள்.

“படிப்பு அதனால போகல. திருப்பி எழுதச் சொன்னாங்க, நான்தான் எழுதல. அப்பாவோட லாரியில ஏறி உட்கார்ந்தேன், இறங்க மனசு வரல. இப்போ டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன்.” பிறகு குரலைத் தணித்தாள். “ஆனா கோபம் இருந்துச்சு. நிறையவே. பேசாம இருந்ததுக்கு இல்ல. பயந்துட்டன்னு எனக்குத் தெரியும். ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே நீ.”

“எழுதினேன். நாலு தடவை. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம கிழிச்சுப் போட்டேன்.”

“ ‘அடி நீலி’ன்னு ஆரம்பிச்சிருந்தா போதாதா?”

அக்காவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அடுத்தவர் கதவைத் தட்டினார். “ரெண்டு நிமிஷம்!” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். இத்தனை வருஷ வேலையில் அவள் யாரையும் காக்க வைத்ததில்லை.

மாவுக்கட்டுப் போடும் அறைவரை நீலியின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவளே கூடப் போனாள். கட்டுப் போடுகிற ஆள், “உங்களுக்குச் சொந்தமா அக்கா?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று அக்கா யோசிப்பதற்குள், “எங்களுக்கு ஒரே பெரியப்பா” என்றாள் நீலி.

பத்து வாரம் கட்டு இருந்தது. வாராவாரம் அக்கா டிபன் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். கட்டுப் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டு வாசலில் ஹாரன் விடாமல் அடித்தது.

“எத்தனை வருஷம் பஸ்ஸுக்கு நிப்ப? வா, ஸ்டியரிங் பக்கம் உட்காரு.”

“இந்த வயசுலயா?”

“கழுத்து திரும்புது, முட்டி மடங்குது. அப்புறம் என்ன?”

தெரு முனை வருவதற்குள் வண்டி மூன்று தடவை உதறி நின்றது. பின்னால் ஒரு வேன்காரர் தலையை நீட்டித் திட்டினார். அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. நீலி சன்னல் கண்ணாடியை இறக்கி, “புதுசா கத்துக்கிறாங்கண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பினாள்.

“கிளட்சை மெதுவா விடு. அவசரமே இல்ல.”

இந்தத் தடவை வண்டி நகர்ந்தது.