மேற்படியார் வாரிசு

உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தவர்கள் அந்த மனிதரை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். உக்கிரமெல்லாம் பெயரோடு சரி. நாற்பத்தெட்டு வயதில் அவர் பயந்ததெல்லாம் தன் நெஞ்சுக்குத்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் திருச்சுழிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மடக்கு மேசை போட்டு ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பார். எண்பத்தொன்பதாம் வருசம் பாலவனத்தம் பக்கம் அவர் வந்த பஸ் பள்ளத்தில் சாய்ந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, தூக்கம் மட்டும் போய்விட்டது. டாக்டர் ஒரு மாதத்துக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினார். அந்த ஒரு மாதச் சீட்டை, மடிப்பில் கிழியக் கிழிய ஒட்டி, உக்கிரபாண்டி நாலு வருசம் ஓட்டினார்.

புதிதாக வந்த டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். இவருக்கு ரோசம் வந்துவிட்டது. பொட்டு அளவு மாத்திரைக்கா நான் அடிமை என்று ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் கையிலிருந்த காப்பி டம்ளர் தானாக ஆடியது. மனைவி ஆவுடைத்தாய்தான் வேன் பிடித்துக் கொண்டுபோனார். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் கோளாறில்லை, இப்படி வெடுக்கென்று நிறுத்தினால் வலிப்புகூட வரும் என்று திட்டிவிட்டு, அரை, பிறகு கால் என்று கணக்கு எழுதிக் கொடுத்தார். படபடப்பு வந்தால் அரைமணியில் அடங்கும், மயக்கமோ வலியோ வந்தால் மட்டும் ஓடிவரச் சொன்னார்.

இன்று கால் மாத்திரையின் முதல் நாள். ஆவுடைத்தாய் பிளேடால் வெட்டிக் கொடுத்த துண்டு, எள்ளுக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆவுடைத்தாய்க்குத் தெரியாமல் முழு மாத்திரை ஒன்றையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார் நம் வீரர்.

பத்தரைக்கு, திருச்சுழியில் மேசை முன்னால் இருக்கும்போது படபடப்பு தொடங்கியது. அருப்புக்கோட்டையில் அவர் தெரு முழுக்கத் தறி. அதில் ஒன்று சட்டைக்குள் புகுந்து ஓடுவது போலிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார். நூற்றிப் பதினெட்டு. எண்ணியதில் பயந்து மறுபடி எண்ணினார். நூற்றி இருபத்தாறு. எண்ணாமல் இருந்திருந்தால் குறைந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது.

பதினோரு மணிக்கு அருப்புக்கோட்டை பஸ். அதில் ஏறி ஓடலாம். அல்லது முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் பட்ட பாட்டை ஒரே முழுங்கில் முடித்துவிடலாம். எதிரே பரளச்சி ஊர் மாயக்காள் மனுவுக்காக உட்கார்ந்திருந்தாள். கணவன் நல்லகண்ணு போய் மூன்று மாதம். வாரிசுச் சான்றிதழ் மனுவை மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும், பிறகு அதிகாரி வெளியூர் போகிறார். எழுதிக்கொண்டே உக்கிரபாண்டி தன் சாவையும் மனதுக்குள் நடத்திக்கொண்டிருந்தார். மேசைமேல் சாய்கிறார், ஜெராக்ஸ்காரர் தண்ணீர் தெளிக்கிறார், ஊரே கூடுகிறது. கூட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

மாயக்காள் ஐந்தாவது படித்தவள். எழுதிய தாளை வாங்கி விரல்வைத்துப் படித்தாள்.

"மேற்படியாரின் மனைவி ஆவுடைத்தாய்னு இருக்கே. யாரு இது?"

"மனைவி" என்றார் உக்கிரபாண்டி, கண் கடிகாரத்தில் இருந்தது.

"எந்த ஊருக்காரி?"

"அருப்புக்கோட்டை."

"எத்தனை வருசமா?"

"இருபத்திரண்டு."

மாயக்காள் தாளை மேசையில் வைத்தாள். "அதான் வாரம் தவறாம டவுனுக்குப் போயிருக்காரு. விதைக்கடலை வாங்கப் போறேம்பாரு. சுபத்ரான்னு பிள்ளை வேற. செத்த ஆளைச் சட்டையப் பிடிச்சுக் கேக்கவும் முடியாதே."

அப்போதுதான் உக்கிரபாண்டி தாளைப் பார்த்தார். மேலே காலஞ்சென்ற நல்லகண்ணு என்று சரியாகத்தான் இருந்தது. கீழே மேற்படியாரின் வாரிசுகளாகத் தன் மனைவியையும் மகளையும் எழுதி வைத்திருந்தார்.

"தாயி, அது என் சம்சாரம். உங்க வீட்டுக்காரர் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் செத்துப்போனதா நெனச்சுக்கிட்டே எழுதிட்டேன்."

மாயக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேறு வழியில்லாமல் மாத்திரை, தறி, நாடி, பதினோரு மணி பஸ், சட்டைப்பை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது.

"ஒரு நிமிசத்துல அந்த மனுசனை என்னென்ன நெனச்சுட்டேன்" என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு புதுத்தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். "பஸ்ஸுக்குப் போறதுன்னா போங்கண்ணே. போறதுக்கு முன்னால என் பேரை எழுதிட்டுப் போங்க. அவுக சம்சாரம் நாந்தான்."

உக்கிரபாண்டி பேனாவை எடுத்தார். தறி நிற்கவில்லை. எழுத்து கோழி கிளறிய மாதிரி வந்தது. மாயக்காள் ஒவ்வொரு எழுத்தாகக் காவல் இருந்தாள். 'மாயக்காள், மனைவி' என்று எழுதும்போது பஸ் ஹாரன் அடித்தது, அவள் மகன் பெயரை எழுதி முடிக்கையில் புறப்பட்டுப் போய்விட்டது. போன பிறகு பயம் இன்னும் கொஞ்சம் கூடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது பதினொன்றே முக்கால். நெஞ்சு எப்போது அடங்கியது என்று அவர் கவனிக்கவில்லை. சட்டைப்பையில் காகிதம் மடித்தபடியே இருந்தது.

இரண்டு மணிக்கு மறுபடி வந்தது. அப்போது எதிரே பட்டா மாற்ற வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். உக்கிரபாண்டி மணிக்கட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு, முதலிலேயே சொல்லிவைத்தார்:

"ஐயா, எனக்கு இப்பக் கொஞ்சம் படபடன்னு வரும். நான் எழுதுவேன். உங்க நிலத்தை யார் பேருக்கு எழுதுறேன்னு மட்டும் நீங்க பாத்துக்கோங்க."