டைட் டேபிளின் முதல் பாட்டு

ஹபீப் முகம்மதுக்குத் தன் காதின் மேல் அசாத்திய நம்பிக்கை. துபாய் கிஸைஸில் இருந்த அவருடைய கேசட் கடைக்கு வரும் பிலிப்பினோக்களும் கோவாக்காரர்களும், இங்கிலீஷ் பாட்டில் எது தேறும், எது தேறாது என்று அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். கீழக்கரையில் பிறந்த மனிதருக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் காது தொண்ணூற்றாறில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சால்ட்மார்ஷ் ரோடு என்ற குழுவின் ‘டைட் டேபிள்’ ஆல்பம் தேறாது. இங்கிலாந்துப் பையன்களின் கிதார் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பெரிய குழுக்களின் கேசட் வேண்டுமென்றால் இதிலும் இருநூறு எடுத்தாக வேண்டும் என்று விநியோகஸ்தர் அவர் தலையில் கட்டிவிட்டார். ஹபீப் முதல் பாட்டை அரை நிமிடம் ஓடவிட்டார். ஒற்றை ஆர்கன் சத்தம், இடத்தைவிட்டு நகரவே இல்லை. நிறுத்திவிட்டார்.

விற்காத சரக்குக்கு அவரே வழி கண்டுபிடித்தார். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, லீவில் போகிறவர்களிடம் ஊருக்குக் கொடுத்தனுப்புவார்கள். பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பு ஓட்டைகளை செலோடேப்பால் அடைத்துவிட்டால் பாட்டின் மேலேயே பேச்சைப் பதியலாம். அப்படி அடைத்து, புதுக் கேசட்டைவிட மலிவாக விற்றார். ஐந்து வருடத்தில் இருநூறும் போயின. அதைத் தன் சாமர்த்தியம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாயிரத்தொன்று ஆகஸ்டில், கட்டட சைட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் பழனிச்சாமி கடைக்கு வந்தான். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். கையில் அவன் பேசி அனுப்பிய கேசட்டும், அதோடு திரும்பி வந்த மனைவி பூவாயியின் கடிதமும்.

“பாய், எம்பொண்டாட்டி என்னமோ கேட்டுருக்கா. நீங்களே படிங்க.”

ஹபீப் படித்தார். ‘உங்க பேச்சு பத்து நிமிசத்துல முடிஞ்சிருது. அப்பறம் வெள்ளக்காரங்க பாடுறாங்க. தினமும் கேக்குறேன். கடைசிப் பாட்டுல ஒரு மெட்டு வருது. அது முன்னயே வந்துட்டுப் போனது, இப்பத் திரும்பி வருதுன்னு தோணுது. அதோட தலைப்பக்கம் உங்க பேச்சுக்கு அடியில போயிருச்சு. அடையாளத்துக்கு இந்தக் கேசட்டயே குடுத்துவிட்டுருக்கேன். அத அனுப்பிவிடுங்க. பேச்சு அடுத்த தடவ பாத்துக்கலாம்.’

“எட்டு மாசத்துல மொதக் கடுதாசி பாய். அதுலயும் என்னைய ஓரங்கட்டிட்டா,” என்றான் பழனிச்சாமி. வருத்தத்தைவிடப் பெருமைதான் அவன் முகத்தில் தெரிந்தது.

கிண்டலடிக்கலாம் என்றுதான் ஹபீப் கேசட்டைப் போட்டார். பழனிச்சாமியின் “சரி, வெக்கிறேன்” முடிந்து, ஒரு பாட்டு பாதியிலிருந்து ஆரம்பித்தது. கிண்டல் மறந்துபோயிற்று. அடுத்த பாட்டு. அதற்கடுத்தது. வாடிக்கையாளர் இருவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசிப் பாட்டில், அவர் அன்று ஒதுக்கிய அதே ஆர்கன் சத்தம் வந்தது. இப்போது அதன் மேல் பூவாயி சொன்ன மெட்டில் எல்லாக் குரலும் எல்லா வாத்தியமும் ஏறி நின்றன. அது நகராமல் இருந்ததே மற்றதெல்லாம் நம்பி ஏறத்தான். ஒரு வார்த்தையும் புரியாமல் பூவாயி கண்டுபிடித்ததை, இருபது வருடம் பாட்டு விற்றவர் கோட்டைவிட்டிருக்கிறார்.

முதல் பாட்டை முழுசாகக் கேட்டே ஆகவேண்டும். பூவாயிக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. விநியோகஸ்தர் கடையை மூடி மூன்று வருடமாகிறது. வேறு எந்தக் கடையிலும் இல்லை. அழிக்கச் சொல்லி விற்றவரே அவர்தானே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், ஊரிலிருந்து திரும்பி வந்த கேசட்டுகளைத் தேடி, பழனிச்சாமியோடு சோனாப்பூரில் ரூம் ரூமாக ஏறி இறங்கினார். சிலர் இரண்டு நிமிடம் பேசியிருந்தார்கள், சிலர் இரண்டு பக்கமும் பேசியிருந்தார்கள். எல்லாரும் ஆரம்பத்திலிருந்தே பேசியிருந்தார்கள்.

கடைசி பிளாக்கில் உடையப்பன் இருந்தான். மனைவியோடு சண்டைபோட்டு, சொல்லாமல் விமானம் ஏறியவன். மாதாமாதம் பணத்துக்கு டிராஃப்ட் போகும், வார்த்தை போகாது. பேசலாம் என்று இதே கேசட்டை வாங்கி மூன்று வருடமாகியும் பெட்டியின் அடியில் அப்படியே வைத்திருந்தான்.

“வாய் வரல பாய்,” என்றான்.

அந்த ரூமின் டேப் ரெக்கார்டரில் போட்டார்கள். ஆர்கன் எழுந்தது. ஹபீப் இந்தத் தடவை நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் கழித்து, அதன் பக்கத்தில் ஒரு ஆண்குரல், பாட்டென்றுகூடச் சொல்ல முடியாது, ஒருவரிடம் மெதுவாகச் சொல்கிற மாதிரி அதே மெட்டில் வந்தது. கட்டில்களில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை கேட்டார்கள். இவ்வளவு பெரிய ஒன்றைச் செலோடேப் ஒட்டி விற்றோமே என்று ஹபீப் நினைத்துக்கொண்டார்.

உடையப்பன் கேசட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பிப் போட்டான். விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று.

“இது அவ கேக்கணும் பாய். எம்பேச்சு முடிஞ்ச ஒடனே இது வரணும்.”

பழனிச்சாமி பதறி எழுந்தான். ஹபீப் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு மணி நேரம் பொறு, கடையில் இன்னொரு கேசட்டில் காப்பி எடுத்துவிடலாம் என்ற சொல் அவர் நாக்குவரை வந்தது. உடையப்பன் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை. கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இவன் வாய் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஹபீப் எழுந்துபோய், இரைச்சல் பதிந்துவிடக் கூடாதென்று ஏசியை நிறுத்தினார்.

“நாந்தான் பேசுறேன்,” என்று உடையப்பன் ஆரம்பித்தான். பிறகு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமும் பாட்டை அழித்துக்கொண்டு ஓடியது. அப்புறம் பேசினான். ஆகஸ்ட் வெக்கையில் ரூமிலிருந்த எட்டுப் பேரும் வேர்த்து வழிய, அசையாமல் இருந்தார்கள்.

வெளியே வந்ததும் பழனிச்சாமி கேட்டான், “பூவாயிக்கு நான் என்னன்னு எழுத?”

“அவங்க சொன்னது சரின்னு எழுது. அந்த மெட்டு மொதப் பாட்டுலதான் இருந்துச்சு. நான் ஒரு தடவ கேட்டேன்.”