மூட்டைக்குக் காவல்

"சாரதா, என் ஷூவை எங்க வெச்ச?"

குழந்தைவேல் வாசலில் நின்று குரல் கொடுத்தபோது, அவன் மனைவி சாரதாமணி தயிர்சாதத்துக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, இன்னும் விடியவில்லை. அம்மாபேட்டைத் தெருவே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. "கதவுக்குப் பின்னாடி பாருங்க" என்றாள். ஷூ அங்கேதான் இருந்தது. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது. மூன்று வருடமாக அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

குழந்தைவேலுக்கு நூல் வியாபாரம். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் நிறுத்தி நூல் விலை விசாரித்தார்கள். அதனால் ஒரு ஞாயிறு கஞ்சமலைக்குப் போய் ஏறிப்பார்த்தான். மேலே அடித்த காற்றில் ஆள் சொக்கிப்போனான். பிறகு ஜருகுமலை, போதமலை, கொல்லிமலை என்று ஒரு பாதையை விடவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற மகன் கௌதமனும், எட்டாவது படிக்கிற மகள் அறிவுச்செல்வியும் கூடவே ஏறினார்கள். "நாங்க குடும்பத்தோட மலையேறுவோமுங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்து, உச்சியில் எடுத்த படங்களைச் செல்போனில் காட்டுவான். பாவம், படம் பார்த்து முடித்தால்தான் அவர்களுக்கு நூல் கிடைக்கும்.

அன்றைக்குக் கொல்லிமலை. புதுச்சத்திரத்தில் டீ குடித்துவிட்டு, சேந்தமங்கலம் தாண்டி அடிவாரத்தில் காரை நிறுத்தினார்கள். சாரதாமணி யாரும் சொல்லாமலே சாப்பாட்டு மூட்டையை இறக்கிப் புளியமரத்தடியில் வைத்து, பாயை விரித்து உட்கார்ந்தாள். கதவைச் சாத்திய காருக்குள் வைத்தால் வெக்கையில் தயிர்சாதம் புளித்துப்போகும். வெளியே வைத்தால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். முதல் தடவை எல்லோருமாகக் கஞ்சமலைக்குப் போனபோது அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கீழே உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது. காயம் ஆறிப்போன பிறகும் அவளை எழுந்து வரச்சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை.

உச்சிவெயிலுக்கு இறங்கி வந்தார்கள். தட்டுகள் தயாராக இருந்தன. "மேல என்ன காத்து தெரியுமா சாரதா!" என்றான் குழந்தைவேல். "அப்படிங்களா?" என்றபடி அவனுக்கு ஊறுகாய் வைத்தாள் சாரதாமணி.

அன்று சாயங்காலமே அம்மாபேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் காலை நடைப்பயிற்சி சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. சிறந்த மலையேற்றக் குடும்பம் என்று குழந்தைவேல் குடும்பத்துக்குக் கேடயம். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியை கலைமணிதான் மைக் பிடித்திருந்தார். குழந்தைவேலும் பிள்ளைகளும் மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார்கள். சாரதாமணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து கைதட்டினாள்.

"அம்மா எங்கே? அவங்களும் மேல வரட்டும்" என்று கலைமணி டீச்சர் வற்புறுத்தி அவளை மேடைக்கு வரவழைத்தார். மைக்கை அவள் முன்னால் நீட்டி, "இத்தனை மலை ஏறியிருக்கீங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மலை எதும்மா?" என்று கேட்டார்.

சாரதாமணிக்கு முகமெல்லாம் வேர்த்தது. "மலையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. அடிவாரம்னா சொல்லுவேன்."

மண்டபம் சிரித்தது. வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளோ பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டதுபோல ஒழுங்காகப் பதில் சொன்னாள்.

"கஞ்சமலை அடிவாரத்துல கோயில் இருக்குது, பொழுது போயிருமுங்க. போதமலையில ஒக்கார எடமில்லீங்க, ஒரே வெயிலு. கொல்லிமலை அடிவாரந்தான் எனக்குப் பிடிக்கும். பெரிய புளியமரம். நெழலு நகர நகர நானும் பாயை நகர்த்திப் போட்டுக்குவேன். ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தங்க பேச்சுத்துணைக்கு வருவாங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. "ஏம்மா, நீங்க மேல போறதில்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

"சோத்தைப் பாத்துக்கணுமுங்களே."

அவள் குரலில் குறையும் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் குழந்தைவேலைக் கொன்றது. முதல் வரிசையில் அவனிடம் நூல் வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உச்சிப் படங்களை எல்லாம் பார்த்தவர்கள். ஒருவர் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த கேடயத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. குடும்பம் என்று அதில் பொறித்திருந்த எழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். மேடையை விட்டு இறங்கியபோது கால் படியைத் தவறவிட்டது. மலையில் ஒரு நாளும் தடுக்காத கால்.

வீட்டுக்குக் கார் கிளம்பியது. முன் சீட்டிலிருந்த சாரதாமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏனுங்க, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா? உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சுங்களா?"

அவள் திட்டியிருந்தால் தேவலை. நாலு வார்த்தை கேட்டிருந்தால் இவனும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பான். மன்னிப்புக் கேட்கிறவளிடம் என்ன பேசுவது? பின் சீட்டில் அறிவுச்செல்வி அழத் தொடங்கினாள். "நான் ஒரு தடவைகூட உன்னைக் கூப்பிடலைம்மா" என்றாள். கௌதமன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் குழந்தைவேல் மனைவிக்கு ஷூ வாங்கப் போனான். கடைக்காரர் "என்ன சைஸுங்க?" என்று கேட்டார். பதினெட்டு வருடம் கூடவே வாழ்ந்தவளின் கால் அளவு அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் வாங்கினான். கேட்கும்போது கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான்.

மறு ஞாயிறு சாரதாமணி எழுந்து அரிசியைக் களையப்போனாள். "அடுப்புப் பத்த வெக்க வேண்டாம்" என்றான்.

"ஏன், இன்னிக்குப் போகலீங்களா?"

"போறோம். நீயும் ஏறற."

"அப்பறம் சோத்துக்கு?"

"சேந்தமங்கலத்துல இட்லி வாங்கித் தின்னுக்கலாம். ஆளுக்கொரு தண்ணி பாட்டில், அவ்வளவுதான்."

கொல்லிமலை அடிவாரத்தில் இறங்கியதும் சாரதாமணி பழக்க தோஷத்தில் நேரே புளியமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். காவல் காக்க மூட்டை இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்தாள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த அவளுடைய பேச்சுத்துணை மாரியாயி புது ஷூவைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏனம்மிணி, நீயும் ஏறறயா இன்னிக்கி?"

"ஆமாங்கக்கா."

"நல்லா ஏறு சாமி. இத்தன நாளா உனக்குக் காலு வராதாக்கும்னு நெனச்சுட்டிருந்தேன். கேட்டா மனசு நோவுமேன்னு கேக்கல. ஊட்டுக்காரரு உச்சிக்குப் போறாரு, பொண்டாட்டி மரத்தடியில கெடக்கறான்னா வேற என்னன்னு நெனைக்கறது?"

குழந்தைவேல் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். மாரியாயியின் ஆடுகள் கடந்து போகிறவரை நிமிரவில்லை.

பாதை செங்குத்து. சாரதாமணிக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கியது. "நீங்க போங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னாள். யாரும் போகவில்லை. அவள் நின்றபோது நின்றார்கள். அவள் நடந்தபோது நடந்தார்கள். பாதி மலையில் அகலமான பாறை ஒன்று வந்தது. உச்சி இன்னும் வெகுதூரம். "இன்னிக்கு இது போதும்" என்றான் குழந்தைவேல்.

காற்று வந்தது. சாரதாமணி வேர்த்த கழுத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தாள். வயல்களும் தென்னந்தோப்புகளும் சேந்தமங்கலத்து வீடுகளும் பரந்து கிடந்தன. ரொம்ப நேரம் எதையோ தேடினாள்.

"நான் ஒக்காந்திருக்கற புளியமரம் எதுங்க?"

குழந்தைவேல் தேடினான். அவனுக்குத் தெரியவில்லை. இதே பாறையில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறான், படம் எடுத்திருக்கிறான். ஒரு தடவைகூட இங்கிருந்து அந்த மரத்தைத் தேடியதில்லை.

அவளே கண்டுபிடித்தாள். "அதோ, ஆடுங்க நிக்குது பாருங்க. எத்துனூண்டு தெரியுது!" கொஞ்சம் பொறுத்து, "அங்கிருந்து பாத்தா நீங்க யாரும் தெரிய மாட்டீங்க. இப்ப எந்த வளைவுல இருக்கீங்களோன்னு மேலயே பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள்.

கீழே ஒருத்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போன மூன்று பேரில் ஒருவரும் கீழே பார்க்கவில்லை. குழந்தைவேல் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டான். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

"கௌதமா, செல்வி, நாளைக்கு உங்களுக்கும் குடும்பம்னு ஒண்ணு வரும். குடும்பத்தோட போனோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கறதுக்கு முன்னால ஒரு தடவை திரும்பிப் பாருங்க. நம்ம சந்தோஷத்துக்காக ஒருத்தரை மூட்டைக்குக் காவல் வெச்சுட்டு வந்திருந்தா, நாம குடும்பத்தோட போகல. அவங்களை விட்டுட்டுத்தான் போயிருக்கோம். உங்கப்பன் மூணு வருஷமா அதைத்தான் பண்ணியிருக்கான்."